பிபிசி மைக்ரோவைத் தட்டை டிவியில் பார்க்க எந்த வழி நல்லது?

சுவிட்சைப் போட்டதும் முதலில் அடித்தொண்டையில் ஒரு முனகல், அதை வெட்டிக்கொண்டு கூர்மையாக ஒரு 'பீப்'. பிபிசி மைக்ரோ என்ற பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது என்று சொல்ல அந்த இரண்டு ஒலிகள் போதும். ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் டிவி 'சிக்னல் இல்லை' என்றது. ஒரு பள்ளியின் சாமான் அறையிலிருந்து வந்த மெஷின் அது. சிவப்பு நிற ஃபங்ஷன் சாவிகளில் ஒன்றுகூட உடையவில்லை. நாற்பது வருடம் கழித்தும் உள்ளே எல்லாம் ஓடுகிறது. படம் மட்டும் வெளியே வர வழியில்லை. அன்று தொடங்கி ஏறக்குறைய எல்லா வழிகளையும் முயன்று பார்த்துவிட்டேன். இதே மெஷினோ இதன் காலத்து வேறு மெஷினோ வைத்துக்கொண்டு எதை வாங்குவது என்று குழம்பி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பிபிசி மைக்ரோவை இங்கே எடுத்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் ஏக்கார்ன் நிறுவனம் 1981 கடைசியில் வெளியிட்ட இந்தக் கம்ப்யூட்டர்தான், 1984இல் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்பிக்க மத்திய அரசு கொண்டுவந்த 'கிளாஸ்' திட்டம் வழியாக நம் நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது. முதன்முதலில் தொட்ட கீபோர்டு இதுதான் என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இன்னொரு காரணம், இதன் பின்பக்கத்தில் படம் வெளியே வர மூன்று வாசல்கள் இருக்கின்றன. ஆன்டெனா கேபிள் போகும் யுஹெச்எஃப் ஜாக் ஒன்று, படம் முழுவதையும் ஒரே கம்பியில் அனுப்பும் பிஎன்சி வகை காம்போசிட் ஜாக் ஒன்று, மூன்று நிறங்களையும் தனித்தனிக் கம்பியில் அனுப்பும் ஆறு பின் கொண்ட வட்டமான ஆர்ஜிபி சாக்கெட் ஒன்று. எந்த டிவி வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால், எந்த வாசல் வழியாகப் படத்தை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பணம் வீணாவதும் மிச்சமாவதும் அங்கேதான்.

அதற்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. பல வருடம் பூட்டிக் கிடந்த மெஷின் என்றால் நேராகப் பிளக்கில் சொருகாதீர்கள். பவர் சப்ளைக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் பழைய கெபாசிட்டர்கள் இருக்கும். அவற்றின் பிளாஸ்டிக் உறை காலப்போக்கில் விரிசல் விட்டு ஈரம் குடித்துவிடும். மின்சாரம் பாய்ந்த கொஞ்ச நேரத்தில் வெடித்துப் புகை கக்கும். விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அவற்றை மாற்றிய பிறகு மற்ற வேலையைப் பாருங்கள்.

சரி, வாசல்களுக்கு வருவோம். ஆன்டெனா ஜாக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படத்தை ஒளிபரப்பு அலையாக மாற்றி 36ஆம் சேனலில் அனுப்புகிறது. டிவி அதைத் திரும்பப் பிரித்து எடுக்க வேண்டும். இரண்டு முறை மாறும்போது புகை மூட்டம் போல ஆகிவிடுகிறது. அனலாக் டியூனர் இல்லாத டிவி என்றால் அதுவும் வராது. மெஷின் ஓடுகிறதா என்று சோதித்துப் பார்க்க மட்டும் இது உதவும்.

காம்போசிட் வாசல் அப்படியில்லை. பிஎன்சியிலிருந்து ஆர்சிஏவுக்கு மாற்றும் சின்ன அடாப்டர் ஒன்று, மஞ்சள் கேபிள் ஒன்று, அவ்வளவுதான் செலவு. இப்போதைய டிவிகள் பலவற்றில் மூன்று வண்ண ஜாக் இருப்பதில்லை. பதிலாக இயர்போன் துளை போல ஒரு ஏவி துளை இருக்கும். அதற்குப் போகும் பிளக்கில் நான்கு வளையங்கள் உண்டு. எந்த வளையத்தில் படம், எதில் ஒலி என்ற வரிசை எல்லாக் கேபிளிலும் ஒன்றாக இருக்காது. மஞ்சளில் படம் வரவில்லை என்றால் சிவப்பில் சொருகிப் பாருங்கள். கேபிள் கெட்டது என்று நினைத்து நான் ஒன்றைத் தூக்கிப் போட்ட பிறகுதான் இது எனக்குப் புரிந்தது.

இந்த ஜாக்கில் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். போர்டில் எஸ்39 என்ற இடத்தை இணைத்தால் வண்ணமும் வரும். நான் இணைக்கவில்லை, உங்களையும் இணைக்கச் சொல்ல மாட்டேன். நம் ஊர் டிவி ஒளிபரப்பின் 'பால்' (PAL) முறையில் வண்ணம் 4.43 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஏறி, படத்தின் வெளிச்சத்தோடு ஒரே கம்பியில் கலந்து வருகிறது. டிவி அவற்றைப் பிரிக்கும்போது நுணுக்கமான கோடுகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். எழுத்து ஓரங்களில் வானவில் ஊர்ந்துகொண்டே இருக்கும். வண்ணம் இல்லாத காம்போசிட்டில் அந்தத் தொல்லை இல்லை. வாரத்தில் ஒருநாள் மெஷினை ஆன் செய்து பேசிக் மொழியில் நாலு வரி புரோகிராம் எழுதிப் பார்ப்பவருக்கு இதுவே போதும். இதற்கு மேல் ஒரு பைசாவும் செலவழிக்க வேண்டாம்.

ஏவி துளையும் இல்லாத டிவி என்றால் கடைக்காரர் ஒரு குட்டி வெள்ளைப் பெட்டியை நீட்டுவார். ஒருபக்கம் ஏவி, மறுபக்கம் ஹெச்டிஎம்ஐ, மேலே 720, 1080 என்று ஒரு சுவிட்ச். சில நூறு ரூபாய்தான். நானும் வாங்கினேன். படம் வந்தது. ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை; எழுத்துகள் மேலும் கீழும் நடுங்கிக்கொண்டே இருந்தன. பெட்டியில் கோளாறு என்று திருப்பிக் கொடுத்து வேறொன்று வாங்கினேன். அதுவும் நடுங்கியது. கோளாறு பெட்டியில் இல்லை, அந்த வழியிலேயே இருக்கிறது.

நடுக்கத்துக்குக் காரணம் இன்டர்லேஸ். பிக்சர் டியூப் காலத்து டிவி ஒரு படத்தை ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு தவணையாக வரையும். பிபிசி மைக்ரோவும் அதே தாளத்தில்தான் சிக்னல் அனுப்புகிறது. இந்த மெஷினின் திரை வகைகளுக்கு மோட் 0, மோட் 1 என்று எண்கள் உண்டு. மோட் 0 முதல் 6 வரை இரண்டு தவணையிலும் ஒரே படம்தான். ஆனால் இந்தப் பெட்டிக்கு அது தெரியாது. இரண்டையும் வெவ்வேறாக நினைத்து அரை வரி ஏற்றி இறக்கிக் காட்டுகிறது. இதற்கு மெஷினிலேயே ஒரு மருந்து உண்டு. ஸ்டார் குறி போட்டு 'டிவி 0,1' என்று அடித்து, அப்புறம் மோடை மாற்றினால் இன்டர்லேஸ் நின்றுவிடும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் இதை அடிக்க வேண்டும். ஆனால் மெஷின் விழித்தெழுவதே மோட் 7இல். அது டெலிடெக்ஸ்ட் எழுத்து, டிவி திரையில் செய்தி வரிகளைக் காட்டிய முறை. இரண்டு தவணையிலும் வெவ்வேறு புள்ளிகளைப் போட்டு எழுத்தை வழவழப்பாக்கும் எஸ்ஏஏ5050 என்ற சிப் வரைவது. அதற்கு இந்தக் கட்டளை செல்லாது. ஆகவே முதலில் கண்ணில் படும் திரைதான் இந்தப் பெட்டிகளுக்கு ஆகக் கடினமான திரை.

நடுக்கத்தை விடுங்கள். அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு எல்லாம் தெளிவானது. திரையில் ஒரு வரி வரைய 64 மைக்ரோ விநாடி ஆகிறது. அதில் 40 மைக்ரோ விநாடிக்குள் மோட் 0 தன் 640 புள்ளிகளையும் கொட்டிவிடும். அதாவது 16 மெகாஹெர்ட்ஸ் வேகம். பழைய சிக்னலை வாங்கும் டிவிகளும் மலிவுப் பெட்டிகளும் பெரும்பாலும் 13.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில்தான் அதை அளந்து டிஜிட்டலாக்கும். டிவி ஒளிபரப்புக்கு என்று வகுத்த வேகம் அது. 40 மைக்ரோ விநாடியில் அதற்குக் கிடைப்பது 540 அளவுகள். 640 புள்ளிகளை 540 கட்டங்களில் எப்படி அடைப்பது? ஆங்கில 'எம்' எழுத்தின் சிறிய வடிவத்தைப் பாருங்கள். பிபிசி மைக்ரோவில் அதன் நடுக்கால் ஒரே ஒரு புள்ளி அகலம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி இடைவெளி. அது சில இடத்தில் 'எம்' ஆக இருக்கும், சில இடத்தில் வெள்ளைக் கட்டியாகிவிடும். 80 எழுத்து வரிசையில் ஒரு பத்தி படித்து முடிப்பதற்குள் கண் வலித்துவிடும். 40 எழுத்து வரிசை கொண்ட மோட் 1, மோட் 4 போன்றவற்றில் 320 புள்ளிகள்தான் என்பதால் சமாளிக்கலாம்.

எனவே படிக்கவும் எழுதவும் வேண்டும் என்றால் ஆர்ஜிபி வாசலுக்குத்தான் வர வேண்டும். ஆறு பின்னில் சிவப்பு, பச்சை, நீலம், வரிகளின் தாளத்தைச் சொல்லும் சிங்க் (sync), தரை (கிரவுண்ட்), கடைசியில் 5 வோல்ட் மின்சாரம். அந்த ஆறாவது பின்னைக் கேபிளில் வெறுமனே தொங்கவிடாதீர்கள், கிரவுண்ட் கம்பியில் உரசினால் வம்பு. இங்கே ஒவ்வொரு நிறமும் 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டே நிலையில் வருகிறது; அதனால்தான் மொத்தம் எட்டு நிறங்கள். வீடியோ உலகம் எதிர்பார்ப்பதோ 75 ஓமில் 0.7 வோல்ட். ஒவ்வொரு கம்பியிலும் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் 5 வோல்ட் 0.69ஆக இறங்கும் என்று கணக்கு சொல்கிறது. மெஷினிலிருந்து முழு 5 வோல்ட் வருவதில்லை. படம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் 390 ஓம் போட்டுப் பாருங்கள். சிங்க் கம்பிக்கும் ரெசிஸ்டர் வேண்டும். அதை விட்டுவிட்டு நேராக இணைத்தால் எதிர்முனையில் இருக்கும் சிப்பின் ஆயுள் குறையும்.

இந்தக் கேபிளைச் செய்துவிட்டால் முன்னால் நான்கு வழிகள் திறக்கின்றன.

மலிவானது ஜிபிஎஸ்-8200 என்ற பச்சை போர்டு. பழைய வீடியோ கேம் கூடங்களின் மெஷின்களை விஜிஏ மானிட்டரில் காட்டச் செய்தது. இயல்பாக அது தரும் படம் சுமார்தான். நிறத்தில் கோடுகள் ஓடும், வேகமாக நகரும் படத்தில் கிழிசல் தெரியும். ஆனால் ஆர்வலர்கள் இதற்கு 'ஜிபிஎஸ் கன்ட்ரோல்' என்ற மென்பொருள் எழுதியிருக்கிறார்கள். ஒரு இஎஸ்பி8266 வைஃபை போர்டைச் சேர்த்துப் பற்ற வைத்தால், அமைப்புகளையெல்லாம் செல்போனிலிருந்தே மாற்றலாம். படம் பல மடங்கு மேம்படுகிறது. சால்டரிங் அயர்னைக் கையில் பிடிப்பதில் சுகம் காண்பவருக்கு இது நல்ல வழி. மாலை வீட்டுக்கு வந்து நேராக மெஷின் முன் உட்கார வேண்டும் என்பவருக்கு வேண்டாம்.

அடுத்தது ஓஎஸ்எஸ்சி என்ற கருவி. வந்த வரியை அப்படியே இரண்டாக, மூன்றாகப் பெருக்கி உடனே அனுப்பிவிடும். முழுப் படத்தையும் சேமித்து வைத்துக் காட்டுவதில்லை என்பதால் தாமதம் கிட்டத்தட்ட பூஜ்யம். இது சிறிய விஷயமில்லை. பிபிசி மைக்ரோவின் ஒரு படம் 20 மில்லி விநாடி. டிவியின் பட மெருகேற்றும் வேலைகள் நாலைந்து படங்களைத் தேக்கினால், சாவியை அமுக்குவதற்கும் விளையாட்டில் கப்பல் திரும்புவதற்கும் நடுவில் ஒரு தள்ளாட்டம் வந்துவிடும். 1984இல் இந்த மெஷினுக்கு வந்த 'எலைட்' விளையாட்டில் விண்வெளி நிலையத்துக்குள் நுழைய முயன்று பாருங்கள், தெரியும். எந்த வழியை எடுத்தாலும் டிவியில் கேம் மோடைப் போட மறக்காதீர்கள்.

ஓஎஸ்எஸ்சியில் இன்னொரு பெருமை, அளக்கும் வேகத்தை நாமே சொல்லலாம். 16 மெகாஹெர்ட்ஸில் 64 மைக்ரோ விநாடி என்றால் ஒரு வரிக்கு 1024 அளவுகள். அந்த 1024 என்ற எண்ணை மெனுவில் போட்டு, அளக்கும் தருணத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தினால் 'எம்' நடுக்கால் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கும். அதைக் கண்ணால் பார்த்த இரவில் ரொம்ப நேரம் மானிட்டரை விட்டு நான் நகரவில்லை. குறை என்னவென்றால், இன்டர்லேஸ் படத்தில் இதுவும் நடுங்கும். மோட் 7க்கு இது சரிப்படாது. மூன்று நான்கு மடங்கு பெருக்கினால் வரும் அளவுகளைச் சில டிவிகள் ஏற்காது. இரண்டு மடங்கு பெரும்பாலான டிவிகளில் ஓடும்.

ரெட்ரோடிங்க் வரிசைக் கருவிகள் இன்னும் வசதியானவை. இன்டர்லேஸையும் அழகாகச் சமாளிக்கும், காம்போசிட்டையும் வாங்கிக்கொள்ளும். 4கே மாடல் 2023இல் வந்தபோது அதன் விலை 750 டாலர். சுங்க வரி தனி. வீட்டில் பத்துப் பழைய மெஷின்களும் பெரிய டிவியும் வைத்திருப்பவருக்கு அது நியாயமாக இருக்கலாம். ஒரு பிபிசி மைக்ரோவுக்காக அதை வாங்குவதை என்னால் ஆதரிக்க முடியாது.

நான்காவதுதான் நான் கடைசியில் வந்து நின்ற இடம்: ஆர்ஜிபிடூஹெச்டிஎம்ஐ. ஒரு ராஸ்பெர்ரி பை ஸீரோ, அதன் மேல் ஒரு சின்ன போர்டு. முதலில் இந்த மெஷினுக்காகவே ஏக்கார்ன் ஆர்வலர்கள் உருவாக்கியது. பிறகு மற்ற மெஷின்களுக்கும் பரவியது. மற்ற கருவிகள் எல்லாம் இந்தச் சிக்னலை அனலாகாக நினைத்து அளந்து, பிறகு டிஜிட்டலாக்குகின்றன. ஆர்ஜிபி சாக்கெட்டில் வருவதோ ஏற்கெனவே டிஜிட்டல்! இந்தப் போர்டு அதை அப்படியே, புள்ளிக்குப் புள்ளி எடுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன ரெசிஸ்டர் வேலையும் இல்லை. பிபிசி மைக்ரோவுக்கான போர்டு அந்த 'உண்டு', 'இல்லை' சிக்னலை நேராக வாங்கும். ஒரு பட்டனை அமுக்கினால் எந்த நொடியில் அளந்தால் பிழையில்லாமல் வருகிறது என்று அதுவே தேடிக் கண்டுபிடிக்கும். மோட் 7 வந்தால் புள்ளி வேகம் மாறுவதை அறிந்து, இரண்டு தவணைகளையும் கோத்து நடுக்கமில்லாமல் காட்டுகிறது. விழித்தெழும் திரையில் அந்த 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்ற வரி அச்சடித்தது போல நின்றது.

வேகப் பொருத்தமும் உண்டு. இன்டர்லேஸ் நிறுத்திய பிபிசி மைக்ரோ விநாடிக்கு 50.08 படங்கள் அனுப்புகிறது. 60க்கு மாற்றிக் காட்டும் பெட்டிகளில், திரை உருளும்போது ஒரே சீராக ஓடாமல் இடறி இடறிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஆர்ஜிபிடூஹெச்டிஎம்ஐ தன் வெளியீட்டையே மெஷினின் தாளத்துக்கு மாற்றிக்கொள்கிறது. நம் ஊர் டிவிகள் 50 ஹெர்ட்ஸை வாங்கிக்கொள்ளும். பால் நாடு என்பதால் கிடைத்த நன்மை. கம்ப்யூட்டர் மானிட்டர்களில் சில அடம்பிடிக்கும். வாங்கும் முன் லேப்டாப்பிலிருந்து 50 ஹெர்ட்ஸ் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

மானிட்டர் என்று சொன்னதும் எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வந்துவிட்டேன். வங்கிகளும் அலுவலகங்களும் கழித்துக் கட்டிய 17, 19 அங்குலச் சதுர மானிட்டர்கள் பழைய கம்ப்யூட்டர் கடைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. யாரும் சீண்டுவதில்லை. அவற்றின் அளவு 1280க்கு 1024. மோட் 0 என்பது 640க்கு 256. அகலத்தில் சரியாக இரண்டு மடங்கு, உயரத்தில் சரியாக நான்கு மடங்கு. ஒரு புள்ளிகூட மிச்சமில்லை, பின்னமில்லை. இதோடு முடியவில்லை. பிபிசி பேசிக்கில் கோடு வரையும்போது எந்த மோடாக இருந்தாலும் திரை 1280க்கு 1024 என்றே எண்ணப்படும். மேல் வலது மூலை 1279, 1023. கேம்பிரிட்ஜில் அந்த எண்களை வகுத்தபோது இப்படியொரு தட்டைத் திரை இல்லவே இல்லை. இன்று ஓரத்து வெற்றிடத்தை வெட்டிவிட்டு இந்த மானிட்டரில் வைத்தால், பேசிக்கின் ஒரு அலகு கண்ணாடியில் ஒரு புள்ளி. ஆரம் 400 என்று போட்டு வட்டம் வரைந்தேன். ஸ்கேலை வைத்துக் குறுக்கும் நெடுக்கும் அளந்தேன். முட்டையாகாமல் வட்டமாகவே இருந்தது. அகன்ற டிவியில் இதே வட்டம் பூசணிக்காய் போல உட்காரும். அங்கே 4:3 அமைப்பைத் தேடிப் போட வேண்டும்.

சில எல்சிடி மானிட்டர்கள் விஜிஏ வழியாக பிபிசி மைக்ரோ அனுப்பும் 15 கிலோஹெர்ட்ஸ் சிக்னலையே நேராக வாங்கிக்கொள்ளும். பென்க்யூ பிஎல்702ஏ அதற்குப் பேர்போனது. கையில் கிடைத்தால் கேபிளோடு வேலை முடிந்தது. கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

வேறு மெஷின்களுக்கு இதே முடிவு பொருந்தாது. 48கே ஸ்பெக்ட்ரமில் ஆர்ஜிபி வாசலே கிடையாது. ஆன்டெனா சிக்னலைத் தரும் மாடுலேட்டர் பெட்டிக்குள் இரண்டு கம்பி மாற்றிக் காம்போசிட் எடுத்து, ரெட்ரோடிங்க் போன்ற ஒன்றில் கொடுப்பதுதான் வழி. அதன் 256 புள்ளி அகலப் படத்துக்கு அது தாராளம். கமடோர் 64இல் வெளிச்சமும் வண்ணமும் தனித்தனிக் கம்பியில் வருகின்றன, எஸ்-வீடியோ கேபிள் செய்தால் போதும். ஆனால் அதன் பழைய பவர் பெட்டியை முதலில் மாற்றுங்கள். அது கெடும்போது மின்னழுத்தம் ஏறி மெமரி சிப்புகளைச் சாகடித்துவிடும். அமிகா 500 என்றால் படம் தரும் டெனிஸ் சிப் இருக்கும் இடத்தில் பொருத்தும் ஆர்ஜிபிடூஹெச்டிஎம்ஐ வகை ஒன்று இருக்கிறது.

பிபிசி மைக்ரோ வைத்திருப்பவர் என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: இன்றைக்கே மஞ்சள் கேபிளில் கறுப்பு வெள்ளையாகப் பார்த்துவிடுங்கள். மெஷின் ஒரு மாதம் ஒழுங்காக ஓடினால் ஆர்ஜிபிடூஹெச்டிஎம்ஐயும் ஒரு சதுர மானிட்டரும் வாங்குங்கள். மானிட்டரில் ஹெச்டிஎம்ஐ படத்தை டிஜிட்டலாகவே வாங்கும் டிவிஐ துளை இருக்கிறதா என்று கடையிலேயே பின்பக்கம் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். விஜிஏ மட்டும் இருந்தால் நடுவில் இன்னொரு மாற்றும் பெட்டி வந்து, புள்ளிக்குப் புள்ளி என்ற கதை கெட்டுப்போகும். பை ஸீரோவில் இருப்பது சின்ன ஹெச்டிஎம்ஐ துளை. சாதாரணக் கேபிள் அதில் நுழையாது, அதற்கான அடாப்டரையும் அதே கடையில் கேட்டு வாங்கிவிடுங்கள்.